கைநாட்டு

“நான் மாட்டேன்! வீட்டுக்குப் போயிருவோம், வாங்க!”

தங்கப்பொண்ணு போட்ட கூச்சலில் கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றான் புருஷன் காளை. அலங்காநல்லூர்ச் சம்சாரி.

“எசமான், மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆர்டர் போடணும். இன்னைக்கே போடணும்.”

மாஜிஸ்திரேட் நாகசுப்பிரமணியனுக்கு எரிச்சலாக வந்தது. பெண்டாட்டியைப் பிடிக்காமல் போனால் பைத்தியப் பட்டம் கட்டிவிடுகிற ஆசாமிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறார்!

“என்னய்யா கோளாறு?”

“காதுல குரல் கேக்குதுங்க. பிள்ளையக் கெணத்துல போடு, போடுன்னு நச்சரிக்குது. போன வாரம் தூக்கிட்டுக் கெணத்து மேடு வரைக்கும் போயாச்சு. பக்கத்துக் காட்டுக்காரவுக பாத்துப் பிடுங்கலேன்னா…”

“இப்ப நல்லாத்தான இருக்கு!” என்று அழுதாள் தங்கப்பொண்ணு.

அவள் பேச்சில் கோளாறு எதுவும் தெரியவில்லை மாஜிஸ்திரேட்டுக்கு. பாவமாக இருந்தது.

“எதுக்குய்யா கட்டாயம்? சம்மதிச்சுத் தானாப் போய்ச் சேரலாமே. பிடிக்கலேன்னா சொல்லிட்டுத் திரும்பி வந்துரலாம். சர்க்கார் சட்டத்துலயே அதுக்கு இடம் இருக்கு.”

“போன தடவை அப்படித்தாங்க போனது. கொஞ்ச நாள்லயே அந்தக் குரல் ‘ஊருக்குப் போ’ன்னுச்சு. அது பேச்சைக் கேட்டுக் கிளம்பி வந்தாச்சு. அதுக்கப்புறந்தான் இந்தக் கெணத்துச் சங்கதி. சம்மதமெல்லாம் சரிப்படாதுங்க. கதவைப் பூட்டிரணும். அழுதாலும் கெஞ்சினாலும் தொறக்கக் கூடாது.”

“கல்நெஞ்சக்காரன்யா நீ!”

“இருந்துட்டுப் போறேங்க. பிள்ள உசுரோட இருக்கணும்.”

மாஜிஸ்திரேட் பெருமூச்சு விட்டார். புருஷனோ பெண்டாட்டியோ மனுப் போட்டால் விசாரித்துத்தான் ஆகவேண்டும். வெளியே மரத்தடியில் எழுதி வாங்கிய மனுவைக் காளை நீட்டினான். குமாஸ்தா அதை மேஜைமேல் விரித்து, மைப்பெட்டியை அவன் பக்கம் தள்ளினார்.

“ம், வை கைநாட்டை.”

அதுவரை கெட்டியாகப் பிடித்திருந்த பெண்டாட்டியின் கையைக் காளை விட்டான். மைப்பெட்டியை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான்.

“வையி தங்கம். இப்பத்தான் என் காதுல குரல் ஓஞ்சிருக்கு. மறுபடி ஆரம்பிச்சா, நானே உன்னைய வைக்க விடமாட்டேன்.”