புண்ணில்லா வார்டு

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டில்களே நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்துவிடும். ஜெசிந்தா சிஸ்டர் செய்ய வேண்டியதெல்லாம் பன்னிரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதுதான். எழுந்தால், ஆளில்லை என்று அத்தனை கட்டிலும் அலறும்.

இந்த வருடம் ஒருவருக்கும் படுக்கைப் புண் வரவில்லை என்று விருது கொடுத்தார்கள். சிஸ்டருக்கு உட்காருமிடத்தில் வந்திருக்கும் புண் அதில் சேராது. அவர் நோயாளி இல்லையே.

விழாவில் டீன் முன்வரிசை நாற்காலியைக் காட்டினார். "உட்காருங்க சிஸ்டர்."

"இருக்கட்டும் சார். நிக்கிறேன்."

"என்ன பணிவு பாருங்க," என்று மைக்கில் உருகினார் டீன்.

பின்வரிசையில் எட்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. மற்ற ஷிப்ட் சிஸ்டர்கள் நாங்கள் எட்டுப் பேரும் அதே பணிவோடு நின்றுகொண்டிருந்தோம்.