சேர்த்தவர்

கணக்கை நீக்கவா என்று திரை கேட்டது.

அவள் 'ஆம்' என்பதை அழுத்தினாள்.

இது நகல்தான். தேங்காய் நார் கம்பெனிகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் வலைத்தளம் செய்து கொடுப்பவள் அவள். உண்மையான தளத்தில் கை வைப்பதற்கு முன், அதே போல ஒன்றைத் தன் கணினியில் வைத்துக்கொண்டு உடைத்துப் பார்த்துவிடுவாள்.

நகலில் அவன் போய்விட்டான்.

தனபாலன். அவள் கணவன்.

பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்குள் பாம்பு வந்தால் படம் எடுத்து அந்தத் தளத்துக்கு அனுப்புவார்கள். என்ன பாம்பு, என்ன செய்ய வேண்டும் என்று தளத்தை நடத்தும் குழுவில் யாராவது பதில் எழுதுவார்கள். பெரும்பாலும் அவன்தான் எழுதுவான். தளத்தைக் கட்டியது அவள். கல்யாணமான புதிதில், வலைத்தளம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க் ஒன்றை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்த நாட்களில்.

பாம்பு அவனை ஒன்றும் செய்யவில்லை. உடுமலைச் சாலையில் ஒரு லாரி.

மாசியில் போனான். இப்போது ஆவணி. அவன் பெயருக்குப் பக்கத்தில் 'இவரிடம் கேளுங்கள்' என்ற பொத்தான் அப்படியே இருந்தது.

நேற்று ஒரு பெண் அதை அழுத்திவிட்டாள். குளியலறையில் பாம்பு. கைக்குழந்தையோடு வாசலில் நின்றபடி அவன் பதிலுக்காகச் சாயங்காலம் வரை காத்திருந்தாள். வெறும் வெள்ளிக்கோல் வரையன். விஷம் இல்லை.

"அடுத்ததும் அதாவே இருக்கும்னு சொல்ல முடியாதுங்க்கா" என்றான் மயில்சாமி. குழுவை இப்போது பார்த்துக்கொள்பவன். ஆறு மாதமாக அவளிடம் இதைக் கேட்க முடியாமல் இருந்தவன்.

ஒருவரை முடக்கி வைக்கும் வசதியை அவள் அன்று எழுதவில்லை. ஒருவர் இருப்பார். அல்லது இருக்க மாட்டார். அந்தத் தளத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நகலில் பதில்கள் பக்கத்தைத் திறந்தாள்.

அவன் எழுதிய ஒன்றுகூட இல்லை.

இதை அவள் ஓரளவு எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. தளம் அவளை வெளியே தள்ளியது. நுழைவுத் திரையில் தன் பெயரை அடித்தாள்.

அப்படி ஓர் உறுப்பினர் இல்லை.

எழுத்துப் பிழையாக இருக்கும் என்று மறுபடி அடித்தாள்.

அப்படி ஓர் உறுப்பினர் இல்லை.

மயில்சாமியின் பெயரைத் தேடினாள். அவனும் இல்லை. யாருமே இல்லை.

நிரலைத் திறந்து பார்த்த பிறகுதான் புரிந்தது. அந்தக் குழுவில் யாரும் தாமாகச் சேர முடியாது. உள்ளே இருக்கும் ஒருவர் கைபிடித்து அழைத்து வர வேண்டும். ஒவ்வொரு கணக்கிலும் 'சேர்த்தவர்' என்று ஓர் இடம் உண்டு. எல்லாரையும் சேர்த்தவன் அவன். முதலில் சேர்த்தது அவளை.

ஒன்றை இன்னொன்றோடு கட்டும்போதெல்லாம் ஃப்ரேம்வொர்க் ஒரு கேள்வி கேட்கும். அது போனால் இதை என்ன செய்வது?

புதிதாகக் கற்பவர்கள் பாடத்தில் இருக்கும் விடையை அப்படியே எடுத்து எழுதிவிடுவார்கள். இதுவும் கூடவே போகட்டும்.

அவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். எல்லா இடத்திலும். தன் பெயர் இருந்த இடத்திலும்.

அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மாற்றினாள். அவர் போனால், அவர் இருந்த இடத்தை மட்டும் காலியாக விடு.

சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. காலியாக விடச் சொல்கிறாய். ஆனால் இந்த இடம் காலியாக இருக்கக் கூடாது என்று முன்பு சொல்லியிருக்கிறாய்.

தெரிந்த பிழைதான். வேலை கற்றுக்கொள்ளும் பெண்கள் இதற்காக அவளுக்கு போன் செய்வார்கள். காலியா இருக்கலாம்னு ஒரு வார்த்தை சேத்துடு, சரியாயிடும் என்று வேறு வேலை பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

அந்த ஒரு வார்த்தையை எழுதினாள்.

பதில்களின் வரியில் எழுதினாள். உறுப்பினர்களின் வரியிலும் எழுதினாள்.

நகலை மறுபடி அமைத்து, மறுபடி அவனை நீக்கினாள். இந்த முறை பதில்கள் நின்றன.

சாரை. எலிக்காக வந்திருக்கிறது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அதுவே போய்விடும்.

கீழே பெயர் இல்லை. அந்த இடத்தில் 'முன்னாள் உறுப்பினர்' என்று வரும்படி செய்யலாம். வழக்கமாக அப்படித்தான் செய்வார்கள். அவள் செய்யவில்லை.

மாற்றிய நிரலை உண்மையான தளத்தில் ஏற்றிவிட்டு, அதைத் திறந்தாள்.

கணக்கை நீக்கவா?

முடித்த பிறகு மயில்சாமியை அழைத்தாள்.

"எடுத்துட்டேன்."

"காலைல இருந்து பாத்துட்டிருக்கறனுங்க. ஏனுங்க்கா இவ்வளவு நேரம்?"

"அவரை எடுத்தா எல்லாரும் போற மாதிரி எழுதி வெச்சிருந்தேன். நீ, நானு, எல்லாரும்."

மயில்சாமி சிரித்துவிட்டான். "அட அண்ணா! போறப்ப நம்மளையும் கூட்டீட்டுப் போகப் பாத்தீங்களாக்கும்?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"இப்ப நான் இருக்கறனுங்களா?"

பட்டியலில் பார்த்தாள்.

"இருக்கறே."

"நீங்க?"

தளத்திலிருந்து ஒருமுறை வெளியேறினாள். நுழைவுத் திரை பெயர் கேட்டது. அடித்தாள். கடவுச்சொல் கேட்டது. அதையும் அடித்தாள். திரை நடுவே சின்ன வட்டம் ஒன்று சுற்றத் தொடங்கியது.

"பாக்கறேன்" என்றாள்.