நான்தான்டா கண்ணு!

மழலையர் காப்பகத்தின் கதவை அவள் மெல்லத் தட்டினாள்.

“யாரு?” என்றது உள்ளிருந்து ஒரு பிஞ்சுக் குரல்.

“நான்தான்டா கண்ணு. தாழ்ப்பாளை எடு.”

“நான்தான்னு யார் வேணா சொல்லுவாங்க.”

அவள் தெருவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. குரலில் கொஞ்சம் தேனைத் தடவிக்கொண்டாள்.

“சாக்லேட் தரேன், செல்லம்.”

“சாக்லேட் தரேன்னா கண்டிப்பா திறக்கக் கூடாது.”

“நீ வாலுதானே? உன் பேரே எனக்குத் தெரியும் பாரு!”

“பேர் தெரிஞ்சாலும் கூடாது.”

“டேய், உள்ள வந்தேன்னா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்!”

“மிரட்டுறாங்க! எல்லாரும் கத்துங்க!”

அத்தனை பிள்ளைகளும் வீறிட்டார்கள். ஊரைக் கூட்டுகிற கத்தல்தான். கூடுவதற்குத்தான் ஊர் இல்லை.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

“வாலு, குப்பை கொட்டத்தான்டா வெளியே வந்தேன். அதுக்குள்ள தாழ்ப்பாள் போட்டுட்டியே! அடுப்புல உங்க பால் கொதிக்குது, போனும் உள்ள இருக்கு. நான் உங்க மிஸ்டா!”

உள்ளே சட்டென்று அமைதி. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“மிஸ் குரல்ல பேசினாலும் திறக்கக் கூடாதுன்னு எங்க மிஸ்ஸே சொல்லியிருக்காங்க!”

கதவிடுக்கு வழியே பால் தீயும் வாடை வந்தது. கூடவே, படபடவென்று கைதட்டலும்.

சரியாகப் பதில் சொன்னால் கைதட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவள்தான்.