இப்போ மூச்சு விடலாம்

“மூச்சை உள்ளே இழுங்க. வெளியே விடுங்க. அப்படியே நிறுத்துங்க.”

“இழுங்கவாம், விடுங்கவாம். வீட்டுல ‘டேய் தடியா’தான். வேலை நேரத்துல மட்டும் எங்கிருந்துதான் மரியாதை வருதோ,” என்றான் ஆர்னி, எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் மல்லாந்தபடி.

காதில் வேறொரு குரல் குறுக்கிட்டது. டெனிஸ். அவன் அக்கா காரினோடு இதே அறையில் வருடக்கணக்காக வேலை பார்த்தவள்.

“ஆர்னி, பேசினா நெஞ்சு ஆடும். படம் கலங்கிடும்.”

“எங்க அக்காதான் ஆரம்பிச்சா.”

“சொல்றது அவங்க வேலை. கேட்கிறது உங்க வேலை.”

“பிறந்ததுல இருந்து அதுதானே நடக்குது.”

மெஷின் மறுபடி இடிக்கத் தொடங்கியது. அது தேடியது ஒரு வடுவை. அவர்கள் குடும்பத்து இதயங்களில் சத்தமில்லாமல் விழுகிற வடு. வலிக்காது, மூச்சு வாங்காது. ஒருநாள் ஆளையே சாய்த்துவிடும். அப்பாவை வாசலில் பனி வாரும்போது சாய்த்தது. ஊசியில் மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் வடு மட்டும் வெள்ளையாகத் தெரியும். முன்கூட்டியே தெரிந்தால் தப்பிக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன்பு, உறைந்த ஏரிமேல் மீன்பிடிக் குடிசையில் உட்கார்ந்து காரின் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எப்போடா வந்து படுக்கப் போற?”

“ஊர்ல உள்ள நெஞ்சையெல்லாம் படம் பிடிக்கிறியே, உன்னுது?”

“எனக்கென்ன, மெஷின் பக்கத்துலயே இருக்கேன். எந்த மத்தியானம் வேணும்னாலும் ஏறிப் படுத்துக்குவேன். நீ கதையை மாத்தாதே. அந்தக் கறி அடைச்ச பாஸ்டியை இப்படித் தள்ளு.”

அவன் தள்ளுவதற்குள், அவன் பங்கு இறைச்சியையும் சேர்த்தே பிடுங்கித் தின்றுவிட்டாள்.

“மூச்சை உள்ளே இழுங்க. வெளியே விடுங்க. அப்படியே நிறுத்துங்க.”

இந்தத் தடவை ஆர்னி சொன்னபடி கேட்டான்.

படங்களைப் பார்த்துவிட்டு டாக்டர் வந்தார். “வடு இருக்கு. சின்னதுதான். நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. நெஞ்சுல ஒரு கருவி வச்சுடுவோம். இதயம் தடுமாறினா அது உதைச்சு எழுப்பிடும்.”

“அக்கா மாதிரியே,” என்றான் ஆர்னி.

டாக்டர் போனதும் டெனிஸ் தயங்கித் தயங்கிக் கேட்டாள். “மெஷினோட வந்த குரலை ஒருத்தரும் மதிக்கலைன்னுதான் காரின் தன் குரலைப் பதிஞ்சு வச்சாங்க. உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்க, மாத்திடுறோம்.”

“தொடாதீங்க. அவளுக்குப் பிடிக்காது.”

அந்த மூன்று வாரத்துக்குள் அதே வடு காரினையும் சாய்த்திருந்தது. அவள் சவப்பெட்டி, குழி வெட்ட முடியாதபடி உறைந்த மண் இளகட்டும் என்று கல்லறைத் தோட்டத்துக் கட்டடத்தில் காத்துக் கிடந்தது. இங்கே மெஷின் அறைக்குள், அடுத்த ஆளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: “இப்போ மூச்சு விடலாம்.”