மெரடித் கடைக்குக் கல் விழாது

கண்ணாடி நொறுங்கிய ஓசை அடங்குமுன் ஓடிவந்தவர் பத்மநாதன் அண்ணைதான். தோளில் ஒரு பலகை, கையில் சில்லுக் கூட்டத் தும்புத்தடி. பக்கத்துக் கடைக்காரன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"ஆருக்கும் பட்டதே, குலசேகரம்?"

"ஆளுக்குப் படேல்லை அண்ணை. மிளகாய்த்தூளுக்குத்தான் பட்டது." குலசேகரம் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. ஜன்னலோரம் அடுக்கியிருந்த சாமான் முழுக்கக் கண்ணாடிச் சில்லு.

கோலியர்ஸ் வுட்டில் அவன் கடை திறந்து பத்து மாதம். சனிக்கிழமைகளில் பந்தடி பார்த்துவிட்டு வரும் மொட்டைத்தலை வெள்ளைக்காரக் கூட்டம், போகிற போக்கில் கல்லெறிவது இது நாலாம் தடவை. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போவதோடு சரி. ஐந்தாம் முறையும் உடைந்தால் விலகிக்கொள்வோம் என்று இன்சூரன்ஸ்காரன் கடிதமே போட்டுவிட்டான். ஆறு வருடம் பெற்றோல் ஷெட்டில் நின்று சேர்த்ததெல்லாம் இந்த நாலு சுவருக்குள்தான் கிடந்தது. கடை போனால் குலசேகரத்துக்கு லண்டனில் வேறு பிடிமானம் கிடையாது.

பத்மநாதன் பலகையைத் தூக்கி ஜன்னலில் பொருத்தினார். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மனுசனுடைய அக்கறையை நினைத்துக் குலசேகரத்துக்குக் கண் கலங்கியது.

"ஒட்டின கடைதானே அண்ணை? உங்கடை கண்ணாடியிலை மட்டும் ஏன் விழுறேல்லை?"

பத்மநாதன் தன் வாசலுக்கு மேலே கை காட்டினார். பச்சைப் பலகையில் பொன்னெழுத்து: மெரடித் டெயறி. வேல்ஸிலிருந்து வந்து தலைமுறை தலைமுறையாகப் பால் விற்ற குடும்பத்தின் கடைசிக் கிழவனிடம் எண்பத்திரண்டாம் ஆண்டில் வாங்கிய கடை. ஐந்து வருடத்தில் உள்ளே எல்லாவற்றையும் மாற்றியவர், அந்தப் பலகையை மட்டும் இறக்கவில்லை.

"இந்த றோட்டுக்கு என்ன பேர்? மெரடித் றோட். மூலையிலை இருக்கிற பப்? மெரடித் ஆம்ஸ். மருந்து தாறவன் டொக்டர் மெரடித். சேர்ச் சுவரிலை செத்துப்போன மெரடித்துமார் ஏழு பேர். எல்லாம் வேல்ஸ்காரன்ரை பேர். தங்கடை பேருக்குத் தாங்களே கல்லெறிவாங்களே? வாற கிழவியள் என்னையே மிஸ்டர் மெரடித் எண்டுதான் கூப்பிடுறது. உவங்களுக்கு எங்கடை முகமெல்லாம் ஒண்டுதான் ஐசே. பலகையிலை இருக்கிற பேரைத்தான் பாக்கிறாங்கள்."

குலசேகரம் நிமிர்ந்து தன் பலகையைப் பார்த்தான். மனைவியின் பெயர்: சிவனேஸ்வரி ஸ்டோர்ஸ்.

"ஓமோம், என்ரை பேர்தான் கல்லை வா வா எண்டு கூப்பிடுது," என்றாள் சிவனேஸ்வரி, சில்லுப் பொறுக்கியபடி. "சாதகம் பாத்த சாத்திரி இதைச் சொல்லேல்லையே!"

"கோவிக்காதையும் தங்கச்சி. உம்மடை பேர் நல்ல பேர், இடம்தான் பிழை. கிறிஃபித்ஸ் எண்டு வையுங்கோ, இல்லாட்டி பவல். அதுவும் வேல்ஸ் பேர்தான். எழுதுறவனை நானே அனுப்புறன்."

அந்தக் கிழமையே 'பவல்ஸ்' என்று பலகை ஏறியது. தன் பெயர் எழுதிய பழைய பலகையைத் துடைத்து மாடிக்குக் கொண்டுபோன சிவனேஸ்வரி, படியில் நின்று திரும்பிப் பார்த்தாள். "மிஸ்டர் பவல், சோறு போடட்டோ? இல்லாட்டி இனி உருளைக்கிழங்குதானோ?"

இரண்டு சனிக்கிழமைகள் அமைதியாகப் போயின. குலசேகரம் விம்பிள்டன் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தான். வேல்ஸ் பெயருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மூன்றாம் சனிக்கிழமை, 'பவல்ஸ்' என்ற பெயருக்கு நேர் கீழே கல் வந்து இறங்கியது.

இன்சூரன்ஸ்காரன் சொன்ன சொல் தவறவில்லை. கடையை விற்கலாம் என்றால் வாங்க வருகிறவர்கள் ஜன்னலில் அடித்த பலகையைப் பார்த்துவிட்டு அப்படியே ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். கடைசியில் மனமிரங்கியவர் பத்மநாதன் அண்ணைதான்.

"பாதி விலைதான் தரேலும் தம்பி. எனக்கும் இது தலையிடிதான். அதுக்காக உம்மைத் தெருவிலை விடேலுமே?"

பேரம் பேசக் குலசேகரத்துக்குத் தெரியாமலில்லை. ஆனால் பேரம் என்பது வாங்க இன்னொருவன் காத்திருக்கும்போது பேசுகிற பேச்சு. திங்கட்கிழமை மத்தியானம், மெரடித் டெயறியின் கவுண்டரில் வைத்து, கடையை மாற்றிக் கொடுக்கும் கடுதாசியில் கையெழுத்துப் போட்டான்.

"அண்ணை, நீங்கள் மட்டும் இல்லாட்டி..." என்று பேனையைத் திருப்பிக் கொடுத்தான்.

"விடும் ஐசே. அயலுக்குள்ளை நன்றியும் மண்ணும்!" பத்மநாதன் கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ஒருக்கா இஞ்சாலை வந்து கவுண்டரிலை நில்லும். தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்."

அவர் பின்பக்கம் போனார். கேத்தல் இரையத் தொடங்கியது. அதே நேரம் வாசல் மணி அடித்தது.

உள்ளே வந்தவன் ஒரு மொட்டைத்தலை. கழுத்தில் பச்சை குத்தியிருந்தான். குலசேகரம் ஓரடி பின்வாங்கினான். எங்கே எறியப்போகிறான் என்று அவனுடைய கையையே பார்த்தான். கையில் கல் இல்லை.

வந்தவன் நேரே கவுண்டருக்கு வந்து, குலசேகரத்தைப் பார்த்துப் பழகிய சிரிப்புச் சிரித்தான். முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்தினான்.

"பவல் கடை முடிஞ்சுது. வாற சனிக்கிழமை எந்தக் கடை, மிஸ்டர் மெரடித்?"