உள்ளே விடாத திரை

கடவுச்சொல் சரிதான். பரிமளா அடித்ததும் கம்ப்யூட்டர் திரை ஒருமுறை கறுத்து, மறுபடியும் அதையே கேட்டது. குவாரியின் எடைமேடை அறைக்கு வெளியே கல் லாரிகள் உறுமிக்கொண்டு நின்றன.

“என்ன பரிமளா, உள்ள விடமாட்டேங்குதா? வீட்டுக்காரர் பேர அடிச்சுப் பாரு!” என்று ஒரு டிரைவர் கத்தினார்.

“அந்தப் பேர அடிச்சா வெடிச்சிரும்ணே. சும்மா நில்லுங்க.”

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் சேவியர் போனில் சொன்ன விசைகளை அழுத்தினாள். வெறும் எழுத்து ஓடும் கறுப்புத் திரை வந்தது. அதில் உள்ளே போக முடிந்தது. அவர் சொன்னதை அடித்து, வந்ததைப் படித்துக் காட்டினாள்.

“டிஸ்க்ல துளி இடமில்லம்மா, அதான் வெளிய தள்ளுது. உன் கணக்குல ஏதோ ஒரு வீடியோ மொத்தத்தையும் அடைச்சுக் கெடக்கு. அத அழிச்சிரு, சரியாயிரும்.”

பாறை சரிந்து குவாரித் தொழிலாளி ஓச்சப்பன் செத்த நாளின் கேமரா பதிவு அது. அன்றைக்கு அவன் வேலைக்கே வரவில்லை என்று முதலாளி போலீசில் எழுதிக் கொடுத்திருந்தார். யாருக்கும் தெரியாமல் அவள்தான் படியெடுத்து வைத்திருந்தாள்.

முதலாளி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “இன்னும் என்ன நோண்டுற?”

பரிமளா எதையும் அழிக்காமலே போனில் சேவியரிடம் சொன்னாள்: “அழிச்சிட்டேன் சார். இப்பவும் விடல.”

“அப்படியா? இரு, நானே வந்து பாக்குறேன்” என்றார் சேவியர்.