பதின்மூன்று அம்பியர்

வயரின் நிறம் கறுப்பா சாம்பலா என்பது இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. மற்றதையும் முன்பின்னாகச் சொல்லிவிடக்கூடும். ஆனால் வேலி அடைக்கப் பழைய தென்னோலைக் கிடுகைப் பிரித்த அன்று, சரோஜினிதேவி ரீச்சரின் வீட்டிலிருந்து ஒரு வயர் பக்கத்து வளவுக்குள் போனது. கணவர் மயூரநாதன் மாஸ்ரர் சாகும்வரை படுத்திருந்த, குசினியோடு ஒட்டிய அறையின் சுவரிலிருந்து அது போனது. அதில் சந்தேகமில்லை.

பக்கத்து வளவு சில்வெஸ்ரருடையது. ஊர்காவற்றுறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளி. வேலி எல்லைச் சண்டைக்குப் பிறகு பதினைந்து வருடமாக ரீச்சர் அவரோடு கதைத்ததில்லை.

கரண்ட் களவென்று பொலிசுக்குக் கடிதம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டுதான் வயர்மன் ரஜீபனைக் கூப்பிட்டார். கடிதம் போனால் சில்வெஸ்ரரின் வேலை போகும். அது ரீச்சருக்கும் தெரியும்.

வயரை வெட்டிவிடட்டோ என்று ரஜீபன் கேட்டான்.

"கணக்கோடை பிடிக்கவேணும். பிறகு வாய் காட்டேலாது. கோழிக்கூட்டுக்கும் பல்ப் போட்டிருக்கிறார், என்ரை கரண்டிலை."

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர். வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு மூன்றை மட்டும் போட்டார். குசினியில் கேத்தில் ஆயிரத்தைந்நூறு வாட்ஸ், ரைஸ் குக்கர் ஐந்நூறு. விறாந்தையில் உடுப்பு அழுத்தும் அயன் ஆயிரம். கடிதத்தின் பின்பக்கத்தில் மூன்றையும் கூட்டி, இருநூற்று முப்பது வோல்ற்றால் பிரித்தார். பதின்மூன்று அம்பியர்.

"பதின்மூண்டுக்கு மேலை எவ்வளவு காட்டுதோ, அவ்வளவும் உந்தக் கள்ளன் எடுக்கிறது," என்றார், வேலிக்கு அப்பால் கேட்கட்டும் என்று. கிணற்றடியில் நின்ற சில்வெஸ்ரர் வாளியைக் கிணற்றுக்குள் விட்டார்.

ரஜீபன் மெயின் வயரில் அம்பியர் பார்க்கும் மீற்றரைக் கவ்வவிட்டான். நாலு அம்பியர் காட்டியது.

மீற்றர் பழுது என்றார் ரீச்சர். திரும்பப் பிடிக்கச் சொன்னார். திரும்பவும் நாலுதான். களவு போனால் கூடவேண்டியது எப்படிக் குறையும், வேலை தெரியாமல் ஏன் வந்தனீர் என்று அவன்மேல் பாய்ந்தார். அவன் போய் மெயின் சுவிச்சை நிற்பாட்டினான்.

அயனின் சிவப்பு லைற் அணைந்தது. குசினியில் கேத்தில் இரைந்துகொண்டே இருந்தது.

"கரண்ட் அங்கையிருந்துதான் இஞ்சை வருது, ரீச்சர்," என்றான் ரஜீபன், மெதுவாக. "குசினியும் மாஸ்ரரின்ரை அறையும் அந்த வயரிலைதான் ஓடுது."

ரீச்சர் கேத்திலை நிற்பாட்டினார். பிறகு விறுவிறென்று வேலியடிக்குப் போனார். கைக்குள் கடிதம் கசங்கியது.

"என்னைக் கள்ளியாக்கவோ உந்த வயரை இழுத்து வைச்சனீர்?"

சில்வெஸ்ரர் வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"மாஸ்ரர் மூச்செடுக்க இழுத்தனான். உங்கடை லைனிலை வோல்ற்றேஜ் காணாது, அவரின்ரை ஒட்சிசன் மெசின் நிண்டு நிண்டு போகும். நீங்கள் பள்ளிக்கூடம் போன நேரம் என்னைக் கூப்பிட்டுக் கேட்டவர். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு சத்தியமும் வாங்கினவர்."

கடிதம் பொலிசுக்குப் போகவில்லை. சில்வெஸ்ரர் இப்போதும் அதே பள்ளிக்கூடத்தில் காவலாளி. ரஜீபன் கட்டாருக்குப் போய்விட்டான். மாஸ்ரரின் படத்துக்கு ரீச்சர் ஒரு மாதம் பூ வைக்கவில்லை.